லஞ்சம் வாங்காத கைனேஸ்

இப்போதெல்லாம் கைனேஸ் கூரியரில் வருகிறது. ஓய்வூதியத்துக்காக நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று காட்டுவதற்கு அண்மையில் அம்பத்தூர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போயிருந்தேன். கண்ணாலேயே பார்த்தேன். தெர்மகோல் பெட்டி, உள்ளே புகைவிடும் உலர்பனி, அதற்குள் சுண்டுவிரலில் பாதி உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய், அதன் அடியில் ஒரே ஒரு சொட்டு. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் அதைத் தூக்கிப் பிடித்து, "இதுதான் அங்கிள் கைனேஸ்" என்று எனக்கே அறிமுகம் செய்துவைத்தார். எனக்கே! என் காலத்தில் அது ஆட்டின் தலைக்குள் இருந்தது. அங்கிருந்து அதை இந்தக் கட்டடத்துக்கு அழைத்து வந்தவன் நான்.

வீடு திரும்பும்வரை பொறுக்கவில்லை. நம் ஓய்வூதியர் மலருக்கு எழுதச் சொல்லிச் சங்கத்தில் பல வருடமாகக் கேட்கிறார்கள். இதோ எழுதுகிறேன். ஏழாவதில் பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்தவர்கள். எழுத்துப்பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

பாடியில் சைக்கிள் கடை, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத்துப் பட்டறை, பிறகு ஒரு கேன்டீன் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் ஆராய்ச்சிக்கூடத்தில் தினக்கூலியாக நுழைந்தேன். எண்பதுகளின் பின்பாதி. ஆட்டுத்தலை பார்த்து வாங்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். நேர்முகத்தில் பிரிவுத் தலைவர் டாக்டர் லீலாவதி அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்.

"ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வருமா?"

"எனுக்கு வராது மேடம். ஆட்டுக்குத்தான் வரும்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் வேலை கொடுத்துவிட்டார். என் பயிற்சிக்காலம் அவ்வளவுதான்.

இதைப் படிப்பவர்களில் கணக்குப் பிரிவு, தோட்டப் பிரிவு நண்பர்களும் இருப்பார்கள் என்பதால் கைனேஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். உடம்பின் ஒவ்வொரு செல்லும் ஓர் அலுவலகம். உள்ளே ஆயிரக்கணக்கில் ஊழியர்கள், எல்லாரும் புரோட்டீன். முத்திரை விழுந்தால்தான் சிலர் வேலையைத் தொடங்குவார்கள், சிலர் நிறுத்துவார்கள். அந்த முத்திரைக்குப் பெயர் பாஸ்பேட். முத்திரை குத்தும் குமாஸ்தாதான் கைனேஸ். குமாஸ்தாக்களில் பல ரகம் உண்டு. எங்கள் ஆய்வில் இருந்தவன் கவனித்தால்தான் கையைத் தூக்குவான். கவனிப்பு என்பது கால்சியம். அதையும் நேராக வாங்கமாட்டான், மானஸ்தன். கால்மாடுலின் என்று ஒரு புரோக்கர் இருக்கிறார். கால்சியம் புரோக்கர் கைக்குப் போகும், புரோக்கர் போய்க் குமாஸ்தாவின் தோளில் கைபோடுவார், முத்திரை விழும். செல்லுக்குள் கால்சியம் எப்போதும் மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும். வேலை ஆகவேண்டிய நேரத்தில் மட்டும் கதவைத் திறந்து உள்ளே விடுவார்கள். குடல் அசைவதிலும் நேற்று நடந்தது இன்று ஞாபகம் இருப்பதிலும் இந்த ஏற்பாட்டுக்குப் பங்கு உண்டு.

என் விளக்கத்தைக் கேட்ட லீலாவதி அம்மா, "தப்புன்னு சொல்ல முடியல" என்றார். அவரிடம் நான் வாங்கிய பாராட்டுகளிலேயே பெரியது அதுதான்.

இந்தக் குமாஸ்தாவும் புரோக்கரும் ஏராளமாகக் குடியிருக்கும் இடம் மூளை. ஆகவே விடியற்காலையில் ஐஸ் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு, அயனம்பாக்கம், திருவேற்காடு வழியாகப் பூந்தமல்லிக்கு சைக்கிளை மிதிப்பேன். காசிம் பாய் கடையில் எனக்குத் தனி மரியாதை. தலையை வெட்டிய கையோடு மண்டையோட்டைத் திறந்து, மூளையைச் சிதையாமல் எடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு ஐஸில் புதைக்கவேண்டும். தாமதித்தால் கைனேஸ் கெட்டுவிடும். கறி வாங்க நிற்பவர்களுக்கு இதெல்லாம் புரியுமா?

ஒருநாள் ஒரு அம்மா சண்டைக்கே வந்துவிட்டார்.

"பாய், அந்த மூளைய எனுக்குக் குடு. புள்ள டைபாய்டுல படுத்து இப்பதான் எய்ந்துகீறான்."

"அது ஆராய்ச்சிக்குப் போவுதும்மா. ஏழுமல எடுத்துகினு போவ வந்துகீறாரு."

"ஆட்டு மூளைய ஆராஞ்சு இன்னாத்த கண்டுபுடிக்கப் போறாங்கோ?"

பாய் கத்தியைத் தீட்டுவதை நிறுத்தாமல் சொன்னார்: "அதுக்கு மூள கீதான்னுதான் பாக்கறாங்கோ. இருந்திருந்தா என் கடைக்கு வந்திருக்குமா?"

"அப்ப இந்த ஆளையும் கூட்டிகினு போயி பாக்கச் சொல்லு" என்று என்னைக் காட்டினார் அந்த அம்மா. அடுத்த ஆட்டின் மூளை அவருக்குப் போனது. போகும்போது என் ஐஸிலும் ஒரு கை அள்ளிக்கொண்டு போனார்.

மூளை வந்து சேர்ந்ததும் குளிர் அறையில் வேலை தொடங்கும். வெளியே அம்பத்தூர் வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருக்கும். உள்ளே நான் குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு மிக்ஸியில் மூளை அரைத்துக்கொண்டிருப்பேன். அரைத்ததைச் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, தெளிந்த நீரை எடுத்து, பிசின் நிரப்பிய நீளக் குழாயில் ஊற்றினால் அடியில் சொட்டுச் சொட்டாக இறங்கும். அந்தச் சொட்டுகளில் எதில் குமாஸ்தா, எதில் புரோக்கர் என்று பிரித்துப் பார்ப்பது ஸ்டெல்லாவின் வேலை. ஸ்டெல்லா ஆராய்ச்சி மாணவி. ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்து வருவார். அப்பா அங்கே ஃபிட்டர். ஞாயிறு காலைப் பூசை தவறாத கத்தோலிக்கக் குடும்பம்.

லீலாவதி அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதை ஏறும். சாதாரண நாளில் நான் "ஏழுமலை." லேசான கோபத்தில் "ஏழுமலை சார்." "மிஸ்டர் ஏழுமலை அவர்களே" என்று ஒருமுறை அழைத்தார், அன்று நான் மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை.

கால்சியத்தை ஆராய்கிற இடத்துக்குள் வேண்டாத கால்சியம் வந்துவிடக் கூடாது என்பது அவருக்கு மதம். சாக்பீஸ் கிடையாது. கண்ணாடியில் இருந்து கால்சியம் கசியும் என்று எல்லாம் பிளாஸ்டிக். மதியச் சாப்பாட்டில் முட்டை கொண்டுவந்தால் ஓட்டை வீட்டிலேயே உரித்துவிட்டு வரவேண்டும். நான் வெற்றிலை போடுபவன், அதில் தடவும் சுண்ணாம்பும் கால்சியம்தான் என்பதால் எனக்குத் தனிச் சட்டம்: வெற்றிலைப் பெட்டி வாட்ச்மேனிடம் இருக்கவேண்டும்; சுத்த நீர் இருக்கும் பெரிய கேனை நான் தூக்கலாம், கழுவலாம், ஆனால் அதன் மூடியைத் தொடக்கூடாது. மூடி ஸ்டெல்லாவும் அம்மாவும் மட்டும் கையுறை போட்டுத் தொடவேண்டிய பொருள்.

நிஜ மதம் அவருக்குக் கிடையாது. பொட்டு வைக்கமாட்டார். பகுத்தறிவுக் கூட்டங்களில் பேசுவார். ஆயுத பூஜைக்கு எஸ்டேட் முழுக்க லேத்துக்குச் சந்தனமும் வாசலில் பூசணிக்காயுமாக அமர்க்களப்படும். எங்கள் கூடம் மட்டும் துக்கவீடு மாதிரி இருக்கும். "மெஷினுக்கு எண்ணெய் போடுங்க, பொட்டு வைக்காதீங்க" என்பார். நான் சொல்லவரும் சம்பவத்துக்கு முந்தின வருடம் ஆயுத பூஜை முடிந்த கையோடு சென்ட்ரிஃபியூஜ் பெரிய சத்தம் போட்டு நின்று, உதிரிப்பாகம் வெளிநாட்டிலிருந்து வரும்வரை மாதக்கணக்கில் கிடந்தது. "பூஜை போட்டிருந்தா?" என்று நான் இழுத்தேன். "பேரிங் தேஞ்சுபோச்சு, ஏழுமலை சார்" என்று முடித்துவிட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருடம் தீபாவளிக்கு முன்னால் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. தினக்கூலிகளில் ஒருவரை நிரந்தரம் செய்வார்கள். எங்கள் பிரிவுக்கு நான்தான். அம்மா பரிந்துரைத்தால் போதும். திருநின்றவூரில் என் மாமனார் பார்க்கும்போதெல்லாம், "மூள தூக்கற வேலைக்கு பென்சன் உண்டா மாப்ள?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்பார். அவர் வாயை அடைக்க எனக்கு அந்த வேலை வேண்டும்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்த வாரம், ஸ்டெல்லா சோதனைக்குழாய்களை வரிசையாக வைத்தார். கதிரியக்கப் பாஸ்பேட் போட்டு, எத்தனை முத்திரை விழுந்தது என்று ஒரு மெஷின் எண்ணிச் சொல்லும். ஒரு வரிசையில் கால்சியம் போடுவார். இன்னொரு வரிசையில் போடமாட்டார். அது வெற்று வரிசை. அங்கே முத்திரை விழக்கூடாது.

விழுந்தது. திரும்பச் செய்தார். மறுபடியும் விழுந்தது. மறுநாளும் அப்படியே.

ஸ்டெல்லாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். "மேடம், கால்சியமே இல்லாம வேலை செய்யுது! புது கைனேஸா இருக்குமோ?"

"லஞ்சம் வாங்காத குமாஸ்தா!" என்று நான் குளிர் அறையிலிருந்து கத்தினேன். அப்படி ஒருவன் அகப்பட்டால் உலகமே அம்பத்தூருக்கு வந்துவிடாதா?

லீலாவதி அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "ஏழுமலை, உங்க கணக்குப்படியே வருவோம். ஒரு குமாஸ்தா லஞ்சம் வாங்காம முத்திரை குத்தறான். உடனே அவன் நல்லவன்னு முடிவு பண்ணுவீங்களா?"

யோசித்தேன். "மாட்டேன் மேடம். நம்மளுக்குத் தெரியாம எவனோ குடுத்துகீறான்னு நெனப்பேன்."

"அதேதான்."

கால்சியத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் மருந்து ஒன்று உண்டு. இறக்குமதிச் சரக்கு, பொன் மாதிரிப் பூட்டிவைத்திருந்தார்கள். அதைக் கொஞ்சம் வெற்று வரிசையில் போட்டதும் முத்திரை நின்றுபோனது. ஸ்டெல்லாவின் முகத்து வெளிச்சமும் அணைந்தது. புது கைனேஸ் எதுவும் இல்லை. எங்கிருந்தோ கால்சியம் வந்துகொண்டிருந்தது.

கூடத்தில் இருந்த எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாரும் என்றால் இரண்டு பேர்.

"ஏழுமலை சார், சுண்ணாம்பு எந்த விரல்ல எடுப்பீங்க?"

"ஆள்காட்டி விரல்ல மேடம். ஆனா வெளியதான்."

"தடவின விரலை?"

"பேன்ட்டுல தொடச்சுப்பேன்."

"அந்தப் பேன்ட்டோடதான் உள்ள வர்றீங்களா?"

"பின்ன எப்படி மேடம் வர்றது?"

ஸ்டெல்லா சிரிப்பை அடக்கமுடியாமல் குளிர் அறைக்குள் ஓடினார். அம்மா சிரிக்கவில்லை. குழுவுக்கு அனுப்பும் என் ஃபைலில், சுண்ணாம்பால் சோதனைகள் கெடுவதாகச் சந்தேகம் என்று குறிப்பு எழுதிவிட்டதாக என்னிடமே சொன்னார். எதையும் முதுகுக்குப் பின்னால் செய்யமாட்டார். காரணம் தெரியும்வரை அந்தக் குறிப்பு அப்படியேதான் இருக்குமாம்.

வெற்றிலையை விட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த தியாகங்களில் இதற்குத்தான் முதலிடம். வாய் பாலைவனமாகிவிட்டது. காசிம் பாய் பார்த்துவிட்டு, "இன்னாபா, ஊட்ல எதனா துக்கமா?" என்றார். பேன்ட்டுக்கு மேலே இன்னொரு பேன்ட் போட்டுக்கொண்டு வேலை செய்தேன். கேனைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். வெற்று வரிசையில் முத்திரை விழுவது மட்டும் நிற்கவில்லை.

குழு வருவதற்கு முந்தின நாள் மதியம். ஸ்டெல்லா கேனைத் திறக்கும்போது மூடி கைநழுவி, உருண்டு ஓடி, சென்ட்ரிஃபியூஜுக்கு அடியில் புகுந்துகொண்டது. சட்டத்தை மறந்து நான் கையை விட்டு எடுத்துவிட்டேன். எடுத்ததைத் திருப்பிப் பார்த்தேன். மூடியின் உள்பக்கக் குழியில் வெள்ளையாக, ஈரமாக, அப்பினது போல ஏதோ இருந்தது.

"சுண்ணாம்பு!" என்றார் ஸ்டெல்லா. குரலில் வருத்தம்தான் இருந்தது. "அண்ணாத்தே, இப்ப என்ன பண்றது?"

"அட இரும்மா. நான்தான் மூடியத் தொட்டதே இல்லையே!" சொல்லிக்கொண்டே விரலால் வழித்து நாக்கில் வைத்தேன். ஸ்டெல்லா அலறினார். ஆராய்ச்சிக்கூடத்தில் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்பதுதான் முதல் பாடம். உயிர்போகிற நேரத்தில் பாடம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

நாக்கு பொத்துப்போகவில்லை. சுண்ணாம்பாக இருந்தால் இந்நேரம் துடித்திருப்பேன். மெலிதாக ஒரு வாசனை. சின்ன வயதில் காய்ச்சல் வந்தபோதெல்லாம் என்னைப் பெற்றவள் வாயில் போட்ட அதே ருசி.

"விபூதி" என்றேன்.

"விபூதியா? நீங்கதானே அண்ணாத்தே இங்க விபூதி பூசுறவரு?"

சுண்ணாம்பும் நான், விபூதியும் நான். ஆனால் மூடி நான் இல்லையே! மூடியைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் எதிரே கழுத்தில் சிலுவையோடு நிற்கிறார். இன்னொருவர்...

இருவரும் ஒரே நேரத்தில் அம்மாவின் அறைக்கதவைப் பார்த்தோம்.

"சேச்சே. போன வாரம்தான் கூட்டத்துல சாமி இல்லேன்னு ரெண்டு மணி நேரம் பேசினாங்க" என்று ஸ்டெல்லா கிசுகிசுத்தார்.

"நீ படிச்சவ. நீ போயி கேளு."

"வேலை உங்களுது அண்ணாத்தே. நீங்க கேளுங்க."

"எனுக்கு ரெண்டு பேன்ட்டு போட்டுகினு நடக்கவே வரல, இதுல கேள்வி வேற கேக்கணுமா?"

ஐந்து ஆட்டுக் கிடாய்களைத் தனியாக அடக்கியிருக்கிறேன். ஆவடி பஸ்ஸில் கண்டக்டரையே எதிர்த்துப் பேசியிருக்கிறேன். இருந்தும் சொல்கிறேன், அன்று அந்த அறைக்குள் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டுதான் போனோம். அம்மா எழுதிக்கொண்டிருந்தார். மூடியை மேசைமேல் மல்லாத்தி வைத்தேன்.

அவர் பார்த்தார். பேனா நின்றது. காது சிவந்தது. "வச்சுட்டுப் போங்க" என்றார். மிஸ்டர் இல்லை, சார் இல்லை, பெயரே இல்லை. இது எந்த அளவு கோபம் என்று எனக்கு விளங்கவில்லை. நிரந்தரம் போய்விட்டது என்றே முடிவு கட்டினேன். அன்றிரவு மாமனார் என் கனவில் வந்து பென்ஷன் பற்றி விசாரித்தார்.

மறுநாள் குழு வந்தது. மூன்று பேர். நடுவில் உட்கார்ந்த தலைவர் நெற்றி நிறைய மூன்று பட்டை போட்டிருந்தார். கைகளிலும் பட்டை. லீலாவதி அம்மா ஓர் ஓரமாக, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன வேலை செய்யறீங்க?"

குமாஸ்தா, லஞ்சம் என்று நான் ஆரம்பித்தேன். தலைவரின் முகம் போகிற போக்கைப் பார்த்துப் புரோக்கர் வருவதற்கு முன்பே நிறுத்திக்கொண்டேன்.

அவர் ஃபைலைப் புரட்டினார். "உங்க மேல ஒரு குறிப்பு இருக்கே. வெத்தலை போடுற பழக்கத்தால சோதனைங்க கெட்டுப்போகுதுன்னு. இப்படிப்பட்ட ஆளை நிரந்தரம் பண்ணினா எப்படி?"

வாய் வரை வந்துவிட்டது. மூடி, விபூதி, கூட்டத்தில் பேசிய பேச்சு, எல்லாமே. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அதற்குள் எழுந்து நின்றுவிட்டார்.

"அந்தக் குறிப்பை அடிச்சுடுங்க. கெடுத்தது இவர் இல்ல. நான்."

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"போன வருஷம் சென்ட்ரிஃபியூஜ் நின்னுபோச்சு. இந்த வருஷமும் நின்னா இந்தப் பொண்ணு ஆராய்ச்சி அவ்வளவுதான். ஆயுத பூஜை லீவுல தனியா வந்தேன். யார் கண்ணுக்கும் படாத இடமா பார்த்து எல்லாத்துக்கும் விபூதி வச்சேன். சென்ட்ரிஃபியூஜுக்குப் பின்பக்கம். தராசுக்கு அடிப்பக்கம். தண்ணி கேனுக்கு..." கொஞ்சம் நிறுத்தினார். "மூடிக்கு உள்பக்கம். மறுநாளே மறந்துட்டேன். அந்த விபூதியாலதான் நாங்க கால்சியம் போடாத குழாயிலயும் கைனேஸ் வேலை செஞ்சது. நேத்து இவங்க மூடியைக் கொண்டுவந்து வச்சப்பதான் ஞாபகம் வந்தது. ஏழுமலை மேல எந்தத் தப்பும் இல்ல. இவரை மாதிரி ஆள் கிடைக்கமாட்டாங்க."

கடைசி வாக்கியத்தை நான் சேர்த்து எழுதவில்லை. வாசலில் நின்ற ஸ்டெல்லாவும் கேட்டார்.

பக்கத்தில் இருந்த இரண்டு உறுப்பினர்களும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் முன்னால் சாய்ந்தார்.

"அதாவது, கால்சியம் போடாமலேயே அந்த கைனேஸ் வேலை செஞ்சிருக்கு?"

"ஆமா சார், ஆனா அது வந்து..."

"எந்தக் கோயில் விபூதி?"

அம்மா இதை எதிர்பார்க்கவில்லை. "வீட்டு வேலைக்கு வர்றவங்க கொடுத்தது. திருவேற்காடு."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு கன்னத்திலும் மாறி மாறிப் போட்டுக்கொண்டார். "பின்ன செய்யாதா? அம்மன் இருக்கும்போது கால்சியம் எதுக்கு?" என்று நெகிழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, குறிப்பை ஒரே கோடாக அடித்து, பேனாவைப் பரிந்துரைத் தாளின் அடிக்குக் கொண்டுபோனார்.

லீலாவதி அம்மாவால் பொறுக்கமுடியவில்லை. "சார், அதுல அம்மன் எதுவும் பண்ணல. கடையில விக்கிற விபூதி பல சமயம் சுண்ணாம்புக்கல் மாவுதான். கால்சியம் கார்ப..."

நான் இருமத் தொடங்கினேன். கையெழுத்தைப் போட்டு, தேதி எழுதி, ரப்பர் முத்திரையும் குத்தி, அந்த மனிதர் பேனாவை மூடும்வரை விடாமல் இருமினேன்.